வத்தல் கை

மிளகாய் வத்தல் நெடியை முதலில் அறிவது மூக்கல்ல, தொண்டைதான். பொடி முடி ஒன்று மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு கமறல் வரும், செருமிப் பார்த்தாலும் போகாது, அப்புறம்தான் தும்மல், அதற்கும் அப்புறம் கண்ணில் நீர். மதுரை கீழமாசி வீதியில் நான் கூட்டிக்கொண்டு போகிற விருந்தாளிகள் எல்லாரும் இந்த வரிசை தப்பாமல்தான் இருமுகிறார்கள். சென்னைக்காரர், பெங்களூர்க்காரர், வெளிநாட்டவர் என்ற பேதமெல்லாம் வத்தலுக்குக் கிடையாது. இருமி முடித்ததும் சிரித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். நான் மட்டும் தும்மாமல் நிற்பதைப் பார்த்து அதை ஏதோ வித்தை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் பாளையம்பட்டியில் வளர்ந்தவள் நான். தும்ம வேண்டியதையெல்லாம் பத்து வயதுக்குள் தும்மித் தீர்த்துவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு விளக்குத்தூண் அருகில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, வெங்காயக் கடைகள், வாழை இலைக் கட்டுகள், பருத்திப்பால் வண்டி, பலசரக்குக் கடைகள் என்று மூன்று மணி நேரம் நடக்கவைத்து, தின்னவைத்து, கதை சொல்லி அனுப்புவது என் பிழைப்பு. "ஃபுட் டூர்" என்று பெயர். இந்த வேலைக்கு வந்து நாலு வருடமாகிறது. வலது பாதத்தில் ஆணி. அதே சந்து, அதே சிரிப்பு, பருத்தியில் எப்படிப் பால் வரும் என்ற அதே கேள்வி. முதல் வருடம் இருந்த உற்சாகம் எந்தச் சந்தில் விழுந்ததென்று எனக்குத் தெரியவில்லை, தேடவும் தெம்பில்லை.

ஐந்தாவது நிறுத்தம் வத்தல் கடை. அங்கே சொந்தக் கதை ஒன்று சொல்லவேண்டும் என்பது டூர் நடத்தும் முதலாளியின் உத்தரவு. விருந்தாளிகள் ருசியை மறந்துவிடுவார்களாம், கதையை மறக்கமாட்டார்களாம். அதனால் நானும் ஒரு கதை செய்துவைத்திருந்தேன். சின்ன வயதில் மலைபோல் குவிந்த வத்தலுக்குப் பக்கத்தில் அம்மா என்னை மடியில் உட்காரவைத்து, குழம்பும் சோறும் பிசைந்து, தன் கையால் உருட்டி உருட்டி ஊட்டுவாள் என்று சொல்வேன். சொல்லும்போதே ஒரு குண்டு வத்தலை எடுத்து அவர்கள் காதருகே ஆட்டி, உள்ளே விதை கலகலப்பதைக் கேட்கவைத்து, கிள்ளி முகரவும் கொடுப்பேன். சிலருக்குக் கண் கலங்கும். கதையாலா நெடியாலா என்று நான் ஆராய்ந்ததில்லை.

அது முழுப் பொய். வருடத்தில் ஐந்து மாதம் என் அம்மா என்னைக் கையால் தொடவே மாட்டாள்.

பந்தல்குடி ரோட்டில் ஒரு வத்தல் கிட்டங்கி இருந்தது. திருச்சுழி, வீரசோழன் பக்கத்துக் கரிசலில் விளைந்து காய்ந்த வத்தல் மூட்டை மூட்டையாக லோடு வந்து அங்கே இறங்கும். தகரக் கூரைக்குக் கீழே முப்பது நாற்பது பெண்கள் முக்காடு போட்டு உட்கார்ந்து காம்பு கிள்ளுவார்கள். அம்மா அதில் ஒருத்தி. மாசியில் தொடங்கினால் ஆனி வரைக்கும் வேலை இருக்கும். அந்த ஐந்து மாதத்துக்கும் எங்கள் வீட்டில் "காந்தல் மாசம்" என்று பெயர். கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் சிவந்து, நகக்கண் வெடித்து, இரண்டு கையும் காந்திக்கொண்டே இருக்கும். சோப்புக்கு அது மசியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பழைய சோற்று நீச்சத்தண்ணியில் கையை ஊறப்போடுவாள், தேங்காயெண்ணெய் தேய்ப்பாள், எதற்கும் அடங்காமல் கடைசியில் தண்ணீர்க் குடத்தின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை ஒட்டிவைத்துக்கொண்டு, குடத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி உட்கார்ந்திருப்பாள். நான் ஓடிப்போய் மேலே விழப் பார்த்தால் கையைத் தூக்கிக்கொண்டு, "வத்தக் கையி, தள்ளி நில்லு" என்பாள். எனக்கு அந்தக் குடத்தின் மேல் வந்த பொறாமை இருக்கிறதே, தம்பி பிறந்திருந்தால்கூட அவன் மேல் வந்திருக்காது.

அந்த மாதங்களில் என்னைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு ரோஸ்மேரி அத்தை. உறவொன்றும் இல்லை, வேதக்காரர்கள், கூப்பிட்டுப் பழகி அத்தையாகிவிட்டார்கள். வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைப்பார்கள். வத்தல் தொடாத கை என்பதால் எனக்குத் தலை பின்னுவது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, கண்ணுக்கு மை இடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அம்மா சோற்றைக் கரண்டியால் தட்டில் போட்டுத் தள்ளிவிடுவாள். காய்ச்சல் அடித்தால் முழங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்ப்பாள். அப்பா லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார், அவர் கணக்கில் வரமாட்டார். ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இதே கதைதான். ஆனால் ஏழு வயதில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் கஷ்டம் கண்ணுக்கா தெரிகிறது? என் அம்மாவுக்கு என்னை ஆகாது என்றே நான் முடிவு கட்டியிருந்தேன்.

அந்த வருடம் சித்திரையில் ஊரெல்லாம் கண்வலி வந்தது. எனக்கும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விழித்தால் இரண்டு இமையும் பீளை காய்ந்து ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. குருடாகிவிட்டேன் என்று நினைத்து நான் போட்ட கூச்சலில் தெருவே எழுந்திருக்கும். அம்மா வாசலுக்கு ஓடி அத்தையைக் கூப்பிடுவது கேட்டது. அத்தை சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். அம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மூச்சு வாங்குவது கேட்கிறது, கை மட்டும் மேலே படவில்லை. "தொறந்து விடும்மா" என்று நான் கத்துகிறேன், அவள் "இரு தாயி, இரு தாயி" என்கிறாளே தவிரத் தொடவில்லை. அடுப்பில் தண்ணீர் காயும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இளஞ்சூடாக, ஈரமாக ஏதோ ஒன்று என் இமை மேல் பட்டு மெல்ல மெல்ல ஒத்தியது. கூடவே அவளுடைய மூச்சு என் மூக்கிலும் கன்னத்திலும் அடித்தது. இவ்வளவு கிட்டத்தில் அவள் வந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இமை பிரிந்து கண் திறந்தபோது அம்மாவின் முகம் என் முகத்துக்கு நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது. வெள்ளைத்துணி ஒன்றைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். அதன் நுனியை வெந்நீர்ச் சட்டியில் குனிந்து குனிந்து நனைத்துத்தான் என் கண்ணைத் துடைத்திருக்கிறாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். தாடையெல்லாம் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான். தொடக்கூடப் பிடிக்காமல் பல்லால் துடைக்கிறாளே என்று ஆத்திரம். மத்தியானம் அத்தையிடம் போய், அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை, நான் உங்கள் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று அழுதேன். அத்தை மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள்: நான் கைக்குழந்தையாக இருந்தபோது, வேலை முடிந்து வந்த அவசரத்தில் அம்மா என்னைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துவிட்டாளாம். அன்று முழுக்க நான் வீறிட்ட வீறலில் தொண்டை கட்டிப்போயிற்றாம். அன்றிலிருந்து காந்தல் மாசத்தில் பிள்ளையைத் தொடுவதில்லை என்று அவளாகவே வைத்துக்கொண்டதாம். கேட்டுக்கொண்டேன், சமாதானம் ஆகவில்லை. தொடாமல் பழகிய பிள்ளை பிறகு தானும் தொடாமலே வளர்ந்துவிட்டது. நான் வளர்ந்தேன், கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன். ஊருக்குப் போனால் வாசலிலேயே நின்று "வாரேம்மா", "போறேம்மா" என்று சொல்லிக்கொள்வதோடு சரி.

போன மாதம் அம்மா கண்புரை ஆபரேஷனுக்காக என் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் லோடு வண்டியோடு பாதி நாள் வெளியூரில், மகன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். புது இடத்தில் கண் தெரியாதவளைத் தனியாக விடப் பயந்து, ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்னோடு டூருக்கே கூட்டிப்போனேன். விருந்தாளிகளோடு விருந்தாளியாக மெல்ல நடந்து வந்தாள். ஐந்தாவது நிறுத்தத்தில் கதையைத் தாண்டிப் போகப் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் முன்பே கேள்விப்பட்டவர், அந்த அம்மா கதையைச் சொல்லுங்கள் என்று அவரே கேட்டுவிட்டார். சொன்னேன். மடி, சோறு, ஊட்டுவது, ஒன்றும் விடவில்லை. அம்மா ஒரு வத்தலை எடுத்துத் தன் காதருகே ஆட்டிக்கொண்டு நின்றாள்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போதுதான் கேட்டாள்.

"நா எப்பத் தாயி ஒனக்கு ஊட்டிவிட்டேன்?"

கொஞ்ச தூரம் போனபின், "அவுகளுக்கு அப்பிடிச் சொன்னாத்தான் பிடிக்கும்னா சொல்லிக்க" என்றாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஒரு மாதத்துக்கு ஒரு நாளைக்கு ஆறு வேளை சொட்டு மருந்து, கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், கண்ணில் கிருமியோ தூசியோ பட்டால் பார்வைக்கே மோசம் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்கள். நாலாவது நாள் டூர் முடிந்து, இரண்டு குழுக்களை அடுத்தடுத்து நடத்திய களைப்போடு வந்தேன். சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினேன். அம்மாவைப் படுக்கவைத்து, விரலால் கீழிமையை இழுத்து மருந்தை ஊற்றினேன். அம்மா உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினாள். கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. ஆபரேஷன் செய்த கண் இரத்தமாகச் சிவந்து தண்ணீராகக் கொட்டியது. அப்போதுதான் காலையிலிருந்து இருபது வத்தலாவது கிள்ளியது எனக்கு நினைவு வந்தது. சோப்புக்கு அது மசியாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தவள்தான் இதைச் செய்தேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கண்ணைக் கழுவி, விளக்கடித்துப் பார்க்கும் வரையில் என் உயிர் என்னிடம் இல்லை. தையலுக்கும் பார்வைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். பிறகு யார் இப்படிச் செய்தது என்று அதட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். சமையலுக்கு மிளகாய் கிள்ளிவிட்டு மறதியாகத் தானே கசக்கிவிட்டதாகச் சொல்லி, அவர் திட்டிய அத்தனைக்கும் சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து, கிட்டே போகப் பயந்து கதவோரம் நின்றேன். ஊற்றும் முன்னாலேயே வாடை தெரிந்திருக்குமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முப்பது வருடம் வத்தலோடு கிடந்த மூக்கு அது.

"தெரிஞ்சுச்சு தாயி. வேணாம்னு சொல்ல வாய் வரல. நீ எம் மூஞ்சியத் தொட்டு எம்புட்டு வருசமாச்சு" என்றாள்.

நான் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அந்தக் கையால் முடியவில்லை.

இப்போது வத்தல் கடையில் நான் எதையும் தொடுவதில்லை. கடைக்காரர்தான் ஆட்டிக் காட்டுகிறார், கிள்ளிக் கொடுக்கிறார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கதையையும் மாற்றிவிட்டேன். பல்லில் துணி கடித்த அம்மாவை விருந்தாளிகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, முகம் சுளிக்கிறார்கள். பழைய கதையே நன்றாக இருந்தது என்று முதலாளியும் போனில் சொல்லிவிட்டார். யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யோசிக்கவும் நேரமில்லை. கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. ரோஸ்மேரி அத்தை மகனோடு தூத்துக்குடிக்குப் போய் வெகு காலமாகிறது. நான் குடியிருக்கும் மாடியில் நாலு கதவுகள் இருக்கின்றன, என் கை ஆகாத நேரத்தில் தட்டிக் கூப்பிட்டு, அம்மா கண்ணுக்கு மருந்து விடுங்கள் என்று கேட்க ஒரு கதவும் இல்லை. ஊரில் இருந்ததில் தொலைந்துபோனது என்று நான் உணர்வது வத்தல் தொடாத அத்தையின் அந்தக் கை ஒன்றைத்தான். மற்றதெல்லாம் போனதில் எனக்கு வருத்தமில்லை.

மருந்து இன்னும் பத்து நாளைக்கு இருக்கிறது. மத்தியானம் கால் வலியோடு வந்து, கழுவிய கையை அம்மாவிடம் நீட்டுகிறேன். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய், விரல் விரலாக முகர்ந்து பார்க்கிறாள்.

"இன்னைக்கு வாடை இல்ல" என்கிறாள். "கிட்ட வா."