வலைப்பூ காட்டிய நேரம்

சிறுசேரியில் வேலை பார்க்கும் என் மகள் கவிதா சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கினாள். தலைப்பு, நிறம், பின்னூட்டம் என்று ஒவ்வொரு அமைப்பையும் நானும் கூட உட்கார்ந்து ஆர்வமாகத் தேர்ந்தெடுத்தேன்.

ஒருநாள் மாலை ஏழு மணிக்கு அதைத் திறந்தேன். ‘தலைவலி தாங்கவில்லை, ஆபீஸிலிருந்து கிளம்புகிறேன்’ என்று எழுதியிருந்தாள். கீழே மதியம் 12.40 என்றிருந்தது. எங்கள் ஊரான புதுப்பட்டினம் வந்து சேர இவ்வளவு நேரமாகாதே. அவள் செல்போனுக்கும் அழைப்பு போகவில்லை. என் கணவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார்.

ஏழரைக்கு இருவரும் ஒன்றாக வந்தார்கள்.

“ஆறு மணிக்கு மேலதாம்மா எழுதிட்டுக் கிளம்புனேன். போன்ல சார்ஜ் இல்ல.”

“அப்ப இது என்னடி கணக்கு?”

திரையைப் பார்த்துச் சிரித்தாள். “இது லண்டன் டைம்மா. நாம நேரத்த மாத்தவே இல்ல. நீ லண்டன் கடிகாரத்தப் பாத்துப் பயந்திருக்க.”

புதுப்பட்டினத்து வலைப்பூவுக்கு லண்டன் நேரம் எப்படி வந்தது என்று கேட்டேன். நாம் சொல்லாவிட்டால் அது அப்படித்தான் எடுத்துக்கொள்ளுமாம். ஐந்தரை மணி நேரம் கூட்டும் இடத்தைக் காட்டினாள். நானே மாற்றினேன்.

இப்போதெல்லாம் எந்த அமைப்பைத் தொட்டாலும், ஒரு வரி எழுதிப் போட்டுச் சுவர்க்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கவிதாவும் கிளம்பும்போது முதலில் எனக்குப் போன் செய்கிறாள்; பதிவெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.