ஆறு தகடுகளும் ஜொகூர் பாரு வாணவேடிக்கையும்

வாணவேடிக்கையைப் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பவை இவை:

1. வெளிச்சம் இருக்கும்போதே இடம் பிடியுங்கள்.
2. காற்று முதுகில் படும்படி நில்லுங்கள்.
3. வாணம் கிளம்பும்போதே கேமராவின் மூடியை எடுங்கள். வெடித்த பிறகு எடுத்தால் புகைதான் விழும்.
4. படம் பதியும் கண்ணாடித் தகடு ஒன்றில் மூன்று வாணங்களுக்கு மேல் வேண்டாம்.
5. படம் பிடித்த தகட்டின் உறையில் ஒரு நூல் கட்டுங்கள். இருட்டில் விரலுக்குத் தெரியும்.

நான் தொழிலாகப் படம் பிடிப்பவன் அல்ல. லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஜொகூர் பாரு கடலோரத்தில் வாணவேடிக்கை என்று ரயில் நிலையத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மறுநாள் காலைதான் நண்பர் அருள்தாஸ் சிங்கப்பூரில் கப்பலேற வேண்டும். எங்கள் தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்குத் தையலும் கட்டும் போடும் டிரஸ்ஸராக இருந்தவர். ரப்பர் விலை விழுந்ததும் ஆள் குறைத்தார்கள், ஊருக்கே திரும்புகிறார். சேர்ந்தே புறப்பட்டோம்.

காலை பதினொன்றே கால் வண்டி. மூன்றாம் வகுப்புக்குத் தொண்ணூற்றைந்து காசு. ஒன்றரை மணிக்கு இறங்கினோம். கண்ணாடித் தகடுகள் ஆறுதான் வைத்திருந்தேன், ஆறும் வாணத்துக்கென்று. ஆனால் வண்டியில் அருள்தாஸ் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். குளுவாங்கில் கட்டிக்கொடுத்த மகள் தெரசாவிடம் அவருடைய படம் ஒன்றுகூட இல்லையாம். இனித் திரும்பி வருவோமா என்பது தெரியாதாம். எப்படி மறுப்பது?

ஐந்து மணிக்குக் கடற்கரையில் அவரை நிறுத்திப் படம் பிடித்தேன். அசையாமல் நின்றார். அந்த உறையில் நூலைக் கட்டிப் பையில் வைத்துவிட்டு, கேமரா முக்காலிக்கு இடம் தேடப் போனேன். பையை அவர் பார்த்துக்கொண்டார்.

சிங்கப்பூர் போகும் பாலத்துக்கு மேற்கே அரை மைல் நடந்தால் கரை சற்று உயரும். காற்று நம் பின்னாலிருந்து வரும். வாணம் விடும் படகு நங்கூரமிட்டதும் அதன் விளக்கை வைத்துத் தூரத்தைச் சரிசெய்துகொண்டேன். லென்ஸின் துவாரத்தைப் பதினொன்றில் வைத்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீரும் தெரியட்டும். அதில் விழும் வெளிச்சம் பாதிப் படம். எட்டு மணிக்குத் தொடங்கினார்கள். புகை சேருமுன் வரும் முதல் பத்து நிமிடமே நல்லது. மூடியை எடுத்தேன், மூடினேன், நூல் கட்டினேன். ஐந்து தகடுகள் முடிந்தன.

பையில் கைவிட்டு எண்ணினேன். ஆறு உறைகளிலும் நூல் இருக்க வேண்டும். ஐந்தில்தான் இருந்தது. ஏதாவது நூல் அவிழ்ந்து விழுந்ததா என்று அருள்தாஸைக் கேட்டேன்.

"அதுவா? சாயங்காலம் ஒரு உறையில பிசிறு தொங்குச்சு, நறுக்கி விட்டேன்," என்று சட்டைப் பையிலிருந்த கத்தரிக்கோலைத் தட்டிக் காட்டினார். "தையல் போட்டா நுனிய நறுக்கணும், கிராணியாரே. இத்தன வருசம் கணக்கு எழுதின மனுசன், சாமான இப்படியா வெச்சிருப்பீங்க?"

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

தெரிந்தவர் வீட்டில் படுத்தேனே தவிரத் தூங்கவில்லை. சாயங்காலம் நூல் இருந்தது அவர் படத்தின் உறையில் மட்டும்தான். இப்போது நூலில்லாத அந்த ஒரு தகட்டில் அவர் முகம் இருக்கலாம். அல்லது அது வெறும் தகடாக இருந்து, அவர் முகத்தின் மேலேயே நான் வாணத்தைப் பிடித்திருக்கலாம். வெறும் தகடென்றால் காலையில் அவரை மறுபடி பிடித்துவிடலாம். முகம் இருந்து மறுபடி பிடித்தால் அதையும் கெடுத்தவனாவேன். கழுவிப் பார்க்க இருட்டறை வேண்டும். படக்கடை திறப்பது ஒன்பதுக்கு, சிங்கப்பூர் வண்டி ஏழுக்கு.

நிலையத்தில் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவரிடம் சொல்லியிருக்கலாம். போகிற மனிதரைக் கலங்க வைப்பானேன் என்று சொல்லவில்லை, மறுபடி படம் பிடிக்கவும் இல்லை. வண்டி பாலத்தின்மேல் ஏறியது.

வீட்டுக்கு வந்து கழுவினேன். நூலில்லாத தகடு வெறும் தகடு. அருள்தாஸ் நான்காவது தகட்டில் இருந்தார், இடது தோளில் ஒரு பெரிய வாணப் பூ விரிய, நெற்றிக்குக் குறுக்கே இரண்டு வெளிச்சக் கோடுகளோடு.

பிரதியை எடுத்துக்கொண்டு குளுவாங் போய், நடந்ததைத் தெரசாவிடம் ஒப்புவித்தேன். அவள் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பாவுக்கு வெடிச் சத்தமே ஆகாது, மாமா. மூஞ்சியப் பாருங்க, எப்ப முடியும்னு நிக்கிறாரு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நூல் விசயம் அவருக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எழுதிப் போடுங்க. இல்லாட்டி அங்க போயும் யார் நூலையாவது நறுக்கிட்டு இருப்பாரு."

அன்றே கடிதம் எழுதினேன். இதைப் படித்துப் புறப்படுகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: மேலே உள்ள ஐந்தாவது குறிப்பு தவறு. உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். எழுதியதை உடன் வருகிறவரிடம் வாய்விட்டும் சொல்லுங்கள்.