மூன்றாம் மாடியில் நாச்சியா

கல்முனையில் கடல் ஊருக்குள் வந்த அன்று நாச்சியாவின் கணவர் போய்ச் சேர்ந்தார். அவள் உயிர் தப்பினாள்; வலது முழங்கால்தான் தப்பவில்லை. மிதந்து வந்த மரக்குற்றி ஒன்று அதை நசுக்கிவிட்டது. அதுவரை பாண்டிருப்பு, பாலமுனை என்று பஸ் ஏறிப் போய், சீலை மூட்டையைத் தலையில் சுமந்து வீடு வீடாக விற்றவள். பிள்ளைகள் இல்லை. தங்கச்சி மகள் சரீபாவோடு தகரக் கொட்டிலில் காலத்தைத் தள்ளினாள். யுத்தம் முடிந்த வருடம்தான் மாடி வீட்டுத் தொடரில் ஒரு வீடு கிடைத்தது. மூன்றாம் மாடி.

வீட்டுத் திறப்பைக் கையில் கொடுத்த எஞ்சினியரிடம் நாச்சியா தன் காலைக் காட்டினாள்.

"எல்லாருக்கும் ஒரே பிளேன்தான் உம்மா. குலுக்கிப் போட்டு விழுந்த வீடு, மாத்த ஏலா" என்றார் அவர்.

"வீடு ஒரே மாதிரிக் கட்டலாம் தம்பி. கால் எல்லாருக்கும் ஒரே மாதிரியா இருக்கு?"

அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

படிக்கட்டு செங்குத்து, பிடித்து ஏற ஒரு கம்பி கூட இல்லை. கக்கூஸோ அதைவிடக் கேவலம். உயர்த்திக் கட்டிய மேடையில் ஏறிக் குந்த வேண்டும். மடங்காத காலோடு எப்படிக் குந்துவது? நாச்சியா தண்ணீர் குடிப்பதையே குறைத்தாள். பிறகு குசினி மூலையில் ஒரு வாளி வந்தது. சோற்றுப் பானைக்குப் பக்கத்திலேயே அந்த நாற்றம். தொழுகைக்கு நிற்கும்போதும் அவளுக்குக் குமட்டியது.

ஒருநாள் சரீபா கடைக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை வாளி நிரம்பிக் கிடக்கக் கூடாதென்று நாச்சியா கக்கூஸுக்கே போனாள். வழுக்கி விழுந்தாள். திரும்பி வந்த சரீபா கக்கூஸ் கதவைத் தள்ள, உள்பக்கம் திறக்கும் அந்தக் கதவு கிழவியின் இடுப்பிலேயே போய் இடித்தது. கீழ்வீட்டு மசூர் கோடரியோடு ஓடிவந்து பலகையைப் பிளந்தான். அழுக்கில் கிடந்த நாச்சியா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பார்க்காத மகன், பார்க்காத" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வந்த பிறகு, வீடுகளைக் காட்ட அதே எஞ்சினியர் வெளிநாட்டார் சிலரைக் கூட்டிவந்தார். நாச்சியா தடியூன்றிப் போய், பிளந்த கதவருகே நின்றாள்.

"உள்ள போய் குந்துங்க தம்பி. ஒண்டையும் புடிக்காம எழும்பிக் காட்டுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினார். "எல்லாம் பாவிக்கிற விதத்தில இருக்கு உம்மா."

நாச்சியா தடியால் பிளந்த கதவைத் தட்டினாள். "என்ட ஊத்தைக்கு மூக்கைப் பொத்துறீங்க. நீங்க கட்டி வச்சிருக்கிற ஊத்தைக்கு நான் எதைப் பொத்துற?"

அவர் விருந்தாளிகளை அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அந்தக் கிழமையே, அவள் முன்பு சீலை விற்ற பாண்டிருப்பிலிருந்து, சொல்லியனுப்பிய மேசன் புண்ணியமூர்த்தி வந்தார். கதவை வெளிப்பக்கம் திறக்க மாட்டினார். சுவரில் இரும்புக் குழாய் பதித்தார். மேடையை உடைத்து, கதிரை மாதிரி இருந்தெழும்பச் சீமெந்தில் ஓர் ஆசனம் கட்டினார். அனுமதியில்லாமல் உடைத்தது பிழை என்று சொல்ல எஞ்சினியரின் ஆள் ஒருவன் வந்தான்.

"ஓம், பிழைதான். கட்டினவனைக் கூட்டிக்கிட்டு வா, கதைப்பம்" என்றாள் நாச்சியா. அவன் பிறகு வரவில்லை.

படிக்கட்டை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கிளினிக் நாளில் மட்டும் சரீபாவும் மசூரும் தாங்க, மூச்சு வாங்கி வாங்கி இறங்குவாள். வாசலில் திறப்புவிழாக் கல் ஒன்று பெரிய மனிதர்களின் பெயர்களோடு பளபளத்தது. அதனருகே நின்று, காறித் துப்பிவிட்டுத்தான் ஓட்டோவில் ஏறுவாள்.