மார்க் இல்லாத கேள்வி

டிப்போவில் அவரை எல்லோரும் 'மெத்தை' என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். அவர் வண்டியில் நின்றுகொண்டு வருகிறவர்கூடத் தூங்கிவிடுவார், இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டுக் கண்டக்டரிடம் சண்டைக்கு வருவார் என்று ஒரு பேச்சு உண்டு. பிரேக் அவ்வளவு பதமாக இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம், ஆஸ்பத்திரி முனையில் வண்டி திரும்பும்போது, சைக்கிளில் வந்த ஒருவர் ஜல்லியில் சறுக்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் விழுந்தார். அங்கேயே உயிர் போய்விட்டது. விசாரணை வைத்தார்கள். கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்து, ஓட்டுநர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டு ஒரு நகல் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் மறுபடி வண்டி எடுத்தார். முதல் ஸ்டாப்பில் ஆள் ஏறியாயிற்று, விசிலும் கொடுத்தாயிற்று. பிரேக்கிலிருந்து கால் எழவில்லை. வலியும் இல்லை, நடுக்கமும் இல்லை. கால் அதுபாட்டுக்கு அங்கேயே இருந்தது. கண்டக்டர் முன்னால் வந்து பார்த்தார். பயணிகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பயிற்சி அறையில் போட்டார்கள். நாலு கம்ப்யூட்டர், ஒழுகுகிற ஏசி, அதற்குக் கீழே ஒரு வாளி. ஓட்டுநர்கள் வருஷத்துக்கு ஆறு பாடம் ஆன்லைனில் முடிக்க வேண்டும். பாடம் ஏற்றுவது, ஆள் சேர்ப்பது, சான்றிதழ் அச்செடுப்பது இவர் வேலை. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பத்துக் கேள்வி, சரியான விடைக்கு டிக் போட வேண்டும். விடை வரிசை எல்லார் போனிலும் இருந்தது. அ, இ, இ, ஆ என்று வாய்க்குள் முணுமுணுத்தபடியே முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். சராசரி மார்க் தொண்ணூற்றேழு. விபத்துகள் என்னவோ குறையவில்லை.

வீட்டில் அவரால் தொல்லை எதுவும் இல்லை. குளிப்பார், சாப்பிடுவார், டிவி முன்னால் உட்காருவார். ஒரு நாள் மனைவி குழம்பில் உப்பே போட மறந்துவிட்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு நன்றாக இருக்கிறது என்றார். அவள் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, கல்லூரியில் படிக்கிற மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்படி ஒரு வருஷம் போயிருக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து பயிற்சி அதிகாரி ஒரு அம்மா வந்தார். டிக் போடுவதால் யாரும் எதையும் யோசிப்பதில்லை, இனி ஒவ்வொரு பாடத்துக்கும் மார்க் இல்லாத கேள்வி ஒன்று சேருங்கள், சொந்த வார்த்தையில் எழுதட்டும், சரி தப்பு கிடையாது என்றார். கேள்வியை யார் தயார் செய்வது என்று கேட்டபோது, நீங்கதான் ஓட்டினவர், நீங்களே எழுதுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் எழுதினார்: 'இப்பாடத்தின் வாயிலாகத் தாங்கள் அடைந்த பயன்கள் யாவை?' பதில்கள் வந்தன. 'எல்லாம் பயன்.' 'நன்றி.' வெறும் புள்ளி ஒன்று. ஒருத்தர் மனைவிக்கு அனுப்ப வேண்டியதை இங்கே ஒட்டிவிட்டிருந்தார்: 'பாத்ரூம் பல்பு போச்சு, வரும்போது வாங்கிட்டு வரேன்.'

வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அந்தப் பதில்களை மகள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்தக் கேள்விக்கு கோட்டு போட்டுக்கிட்டுதான்ப்பா பதில் சொல்லணும். டீக்கடையில நின்னா எப்படிக் கேப்பீங்க? அப்படிக் கேளுங்க" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவள் சொன்னபடி மாற்றினார். களைப்பு பற்றிய பாடத்தின் கடைசியில் இப்படி வைத்தார்: 'வண்டியில் உங்களுக்குக் கண் சொக்கிய இடம் எது? எத்தனை மணிக்கு?' கீழே, 'இதற்கு மார்க் கிடையாது' என்று சேர்த்தார்.

அந்த வாரம் அறுபது பேர் எழுதினார்கள். ஒரு வரிக்கு மேல் எழுதாத ஆட்கள் பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள். அவர் ஸ்டாப் பெயர் படிப்பதுபோல ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனார். மனசில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் கை ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. பதினோரு பேர் ஒரே இடத்தைச் சொல்லியிருந்தார்கள்: பாலம் தாண்டி வரும் இறக்கம், மூன்றே முக்கால் மணி. காலையில் ஒரு பாதி, இடைவெளி விட்டு மத்தியானம் ஒரு பாதி என்று ஷிப்ட் பார்ப்பவர்கள் அத்தனை பேரும். அதில் ஒருவர் எழுதியிருந்தார்: 'மூணு செகண்ட் தூங்கிட்டேன். முழிச்சப்போ ஸ்கூல் வேன் ஒரு முழம் தள்ளி இருந்தது. வண்டி எப்படி நின்னுச்சுன்னு தெரியல. யார்கிட்டயும் சொல்லல.'

கணக்கைக் கொண்டுபோய் டிப்போ மேனேஜரிடம் கொடுத்தார். மேனேஜர் நிதானமாகப் படித்துவிட்டுப் பெயரோடு பட்டியல் வேண்டும் என்றார். மார்க் இல்லை என்று சொல்லித்தானே எழுத வைத்தோம் என்று இவர் இழுத்தார்.

"மார்க் இல்லைன்னுதான் சொன்னோம். நடவடிக்கை இல்லைன்னு யாரும் சொல்லலியே" என்றார் மேனேஜர்.

இவர் அறைக்குத் திரும்பினார். வாளி நிறைந்திருந்தது; கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். பெயர் இல்லாமல் பதிலை மட்டும் வைத்துக்கொள்ள கம்ப்யூட்டரில் ஒரு வசதி இருந்தது. அதைத் தட்டினால் பழைய பதில்களின் பெயர்களும் அழிந்துபோகும், திரும்ப எடுக்க முடியாது, சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அழுத்தினார். பெயர் இல்லாத பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தார்.

யாரைக் கேட்டு அழித்தீர்கள் என்று மேனேஜர் கேட்டார். யாரையும் கேட்கவில்லை என்றார்.

"உங்களுக்குப் பயமே இல்லையா?"

அவர் உள்ளே தேடிப் பார்த்தார். முன்பெல்லாம் இந்த அறைக்குள் நுழைந்தாலே உள்ளங்கை வேர்க்கும். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. "இல்ல சார்" என்றார். மேனேஜர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். மெமோ வந்தது. இனி அவர் எழுதும் கேள்வியை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று உத்தரவும் வந்தது. ஆனால் விஷயம் தலைமை அலுவலகம் வரை போனதில், பயிற்சி அதிகாரி அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் அந்த ஷிப்ட்டின் இரண்டாம் பாதியிலிருந்து ஒரு டிரிப்பை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் ஓய்வு கொடுத்தார்கள்.

ஓய்வு வந்த முதல் வாரத்தில், சாயங்கால ஷிப்ட்டுக்கு முன்னால், பெண் ஓட்டுநர் ஒருத்தி பயிற்சி அறைக்கு வந்தாள். ஆறு வருஷமாக வண்டி ஓட்டுகிறவள். கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"ஸ்கூல் வேன் எழுதினது நான்தாண்ணே."

தெரியும் என்றார். அழிப்பதற்கு முன்னால் படித்திருந்தாரே.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க எங்களையெல்லாம் கேட்டீங்க. உங்களை யாராவது கேட்டாங்களா?"

விசாரணையில் கேட்டார்கள் என்றார். வேகம், தூரம், சிக்னல்.

"அது இல்லண்ணே. என்ன ஆச்சு அன்னிக்கு?"

அவர் சொன்னார். சைக்கிளின் கேரியரில் ஒரு புதுக் குடை கட்டியிருந்தது, விலைச்சீட்டு கூடப் பிரிக்கவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்தார். வண்டி எதன் மேலோ ஏறி இறங்கியதுபோல இருந்ததையும், வேகத்தடை என்று முதலில் நினைத்துக்கொண்டதையும் சொன்னார். வேகத்தடை என்று நினைத்ததைத்தான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. குரல் ஏறவோ இறங்கவோ இல்லை. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. டிரிப் நேரம் வந்ததும் அவள் எழுந்து, அவர் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் அதையே மறுபடி சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். வேகத்தடை என்ற இடம் வந்தபோது அழ ஆரம்பித்தாள். அவருக்கு அழுகை வரவில்லை. வருமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, அவள் மூக்கைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று கொடியிலிருந்து துண்டை எடுத்து நீட்டினார்.