தீவுப் பந்தயத்தில் மாடு திரும்பிய காரணம்

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, பேனாவை எடுத்து, எடுத்தபடியே கீழே வைத்திருக்கிறேன். நான் படித்தது எட்டாவது வரைதான். ஆனால் அது காரணமில்லை. எழுதினால் மச்சினிச்சி வீட்டில் மனசு நோகுமோ என்ற பயம். இந்த முறை நாராயணவனத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வரும்போது, நடந்ததை நடந்தபடி எழுதினால் தப்பில்லை என்று தோன்றிவிட்டது.

எங்களுக்கு நிலம் கார்வேட்டிநகரம் பக்கம். மாமனார் தவறிப்போன மாதத்திலேயே எங்கள் பசு ஒரு காளைக் கன்று போட்டது. அப்பாவே திரும்பி வந்துவிட்டார் என்று என் மனைவி அதை "நைனா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் அப்பாவுக்கு அதுதான் சொல். அவள் கழுநீர்த் தொட்டியைத் தட்டி "நைனா, வாடா" என்றால் எங்கிருந்தாலும் ஓடி வருவான். மாமனாரை நினைத்து வைத்த பேர் என்பதால் நான் மரியாதைக்காக அதை வாயில் எடுத்ததில்லை. "டேய்" என்பேன். இல்லையென்றால் நாக்கைத் தட்டுவேன்.

மகன் மாட்டுக்கொட்டகையை இடித்து வீடு கட்டினான். காளையைக் கட்ட இடமில்லாமல் போயிற்று. மனைவியின் தங்கையைப் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவில் கொடுத்திருக்கிறோம். மாட்டுப் பந்தயம்தான் அந்தத் தீவுக்குப் பேர். சகலை வந்து காளையைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு வருடம் கழித்து, பொங்கல் முடிந்த கையோடு, பந்தயம் பார்க்க நானும் மனைவியும் போனோம்.

படகுக்காரர் எங்களைப் பார்த்து, "அந்தக் காளை வீட்டுக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

"அது என் வீட்ல பொறந்த மாடு" என்றேன்.

"ஓகோ" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டார்.

கரையோரக் கொட்டகையில் அவன் நின்றிருந்தான். உடம்பு எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. கொம்பு நுனியில் பித்தளைக் குப்பி மாட்டியிருந்தது. நாக்கைத் தட்டினேன். ஒரு காதை மட்டும் அசைத்தான். சகலையின் கையை நக்குவதை விடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"நல்லாத் துன்றானா?" என்று கேட்டேன்.

"எங்க எல்லாரையும் விட நல்லாத் துன்றான் அண்ணா. முட்டை, பேரீச்சம்பழம்னு தனி சாப்பாடு. உங்க ஊட்ல இருந்து வரும்போது விலா எலும்ப எண்ணலாம்" என்று சகலை சிரித்தார்.

வீட்டுக்குள் போனதும் மனைவி தங்கையிடம், "நைனான்னு கூப்டறது இல்லியா?" என்றாள்.

"எப்டிக்கா? பசங்க அவங்க அப்பனத்தான் நைனான்னு கூப்டுதுங்க. ஒரு சத்தம் போட்டா ரெண்டும் திரும்புமே."

எல்லாரும் சிரித்தார்கள். காளைக்குத் தெலுங்கில் வேறு பேர் வைத்திருந்தார்கள். அவன் என்னை மறந்துவிட்டானா இல்லையா என்பது தெரியாமல் ஊர் திரும்பக்கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. பெருமாளே, ஒரு தடவை திரும்பிப் பார்க்க வை என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை பந்தயம். கரையோரம் ஏரித் தண்ணீர் வடிந்த சேற்றுத் தரையில் இரண்டு மாடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பலகை, அதன்மேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். எங்கள் காளை கடைசி ஓட்டத்துக்கு வந்தது. சகலை பலகையில் ஏறியதும் ஊரே அவர் பேரைச் சொல்லிக் கத்தியது. வளர்த்தவன் நான், ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கவேயில்லை.

காளை முந்தியது. எல்லைக் கொடி நெருங்கிவிட்டது. அப்போதுதான் சகலையின் பெரிய மகள், திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவள், முதல் நாள் சாயந்தரம்தான் வந்தவள், கூட்டத்திலிருந்து கத்தினாள்:

"நைனா, கெட்டியா புடிச்சிக்கோ!"

அவளுக்கு அச்சு அசலாக என் மனைவியின் குரல். போனில் பேசினால் எனக்கே வித்தியாசம் தெரியாது. காளை சடாரென்று அவள் பக்கம் திரும்பினான். பலகை கவிழ்ந்தது. சகலை சேற்றில் விழுந்தார். அடி ஒன்றுமில்லை. பக்கத்தில் ஓடிய மாடு கொடியைத் தாண்டிப் போய்விட்டது. இவன் அந்தப் பெண்ணின் முன்னால் மூச்சு வாங்க நின்று, கழுநீரைத் தேடுகிறவன்போல் அவள் கையை முகர்ந்தான்.

மறக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓடிப்போய், வாழ்நாளில் முதல் தடவையாக, "நைனா" என்று கூப்பிட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த மனைவியிடம் போய் அவள் தோளில் மூக்கை வைத்தான்.

"நீ எப்பய்யா அவன அப்டி கூப்ட்ட, இன்னிக்குத் திரும்பிப் பாக்க?" என்றாள் மனைவி.

அன்றைக்குச் சகலைமேல் இருந்த பொறாமை அப்படியே அவள்மேல் போயிற்று. இன்னும் முழுசாக இறங்கவில்லை.

சகலை அன்று சேற்றைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஆனால் ஊரில் பேச்சு வேறாகிவிட்டது. மேற்கிலிருந்து வந்தவன் கண் பட்டுத்தான் மாடு தடம் மாறியது என்றார்கள். மச்சினிச்சி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். மறுவருடம் பந்தயம் முடிந்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். அவன் ஓடுவதை என் மனைவி இன்றுவரை திரும்பப் பார்க்கவில்லை.

அதனால் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தீவுப் பக்கம் உங்களுக்கு மனிதர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள். நான் பொறாமையோடுதான் நின்றேன் என்பதையும் விடாமல் சொல்லுங்கள். அதை மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். ஆனால் மாடு என் கண்ணுக்குத் திரும்பவில்லை. பேரைக் கேட்டுத் திரும்பினான். பெருமாள் சாட்சி. ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லுங்கள்.