ஐம்பதாவது மணித்தியாலம்

உழவு மெசின் இயங்கத் தொடங்கியதும் கண்ணகை இருக்கையை விட்டு இறங்கிவிடுவாள். முன் சில்லுக்குப் பக்கத்தில் நின்று, இடது கையைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, மணிக்கூட்டைப் பார்ப்பாள். ஆண்கள் கட்டும் மணிக்கூடு. வார் அவளுடைய கைக்குப் பெரிதென்பதால் ஆணியால் இன்னொரு துளை போட்டிருக்கிறாள். மூன்று நிமிடம். அதற்கு முன் கியர் விழாது. வரம்பில் நிற்பவர் எவ்வளவு அவசரக்காரராயிருந்தாலும், வானம் எப்படி இருட்டிக்கொண்டு வந்தாலும், மூன்று நிமிடம்தான். யாராவது முணுமுணுத்தால், "நித்திரையால எழும்பின கையோட நீங்க ஓடுவீங்களா? ஒயில் மேல ஏறவேணும்கா. பொறுங்க" என்பாள்.

இயக்குவதற்கு முன்னரே ஒரு வேலை முடிந்திருக்கும். ஒயில் அளவு பார்க்கும் கோலை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, காலை வெயிலுக்கு எதிரே பிடிப்பாள். நுனியிலுள்ள துளியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து நெருடுவாள். பிறகு மோந்து பார்ப்பாள். துடைப்பதற்குத் துணி தேடுவதில்லை. சேலைக்கு மேலே அவள் போட்டிருக்கும் சேட், கணவன் சாமித்தம்பியுடையது. அதன் வலது நுனி எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாத கறுப்பு.

சாமித்தம்பி வாவியில் வலை வீசுகிறவர். இயந்திரம் எதுவானாலும் பத்தடி தள்ளி நிற்பார். "என்ட தலைக்கு ஒரு சொட்டு எண்ணெய் வைச்சு எத்தின மாசம்? மெசினுக்கெண்டா நாளைக்கி ரெண்டு தரம் பாக்காள்" என்று வருகிறவர் போகிறவரிடம் முறையிடுவார். கண்ணகை திரும்பிப் பாராமலே பதில் சொல்வாள்: "உங்களக் கலப்பையில பூட்டினா எத்தின ஏக்கர் உழுவீங்க? அதச் சொல்லுங்க, மறுகா எண்ணெய் வைப்பம்."

அந்தச் சின்ன உழவு இயந்திரம் தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணியில் வந்தது. வாவியின் மேற்கே, படுவான்கரையில், சண்டையில் ஆண்களை இழந்த வீடுகள் மிகுந்த அந்த ஊரின் மாதர் சங்கத்துக்கு வெளிநாட்டு உதவி நிறுவனமொன்று கொடுத்தது. கண்ணகையின் நெஞ்சளவு உயரம். வந்து இறங்கியதும் ஊர் கூடியது. நீற்றுப் பூசணிக்காய் உடைந்தது. நான்கு சில்லுகளுக்கும் கீழே நான்கு தேசிக்காய்கள் நசுங்கின. ஐயர் முன்விளக்குகளுக்குச் சந்தனம் வைத்து, மஞ்சள் தண்ணீரை எஞ்சின் மூடிமேல் தாராளமாகத் தெளித்தார். இயந்திரத்தோடு வந்த கைநூல் பொலித்தீன் உறை பிரியாமல், ஸ்பனர்கள் வைக்கும் ஆயுதப் பெட்டிக்குள் கிடந்தது. அதை எடுத்துப் பிரித்தவள் கண்ணகை ஒருத்திதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். ஆங்கிலம் தெரியாது. யோகராசா மாஸ்டரின் வீட்டுக்கு ஆறு மாலை நடந்து, அவர் வாசித்துச் சொல்லச் சொல்ல, அப்பியாசக் கொப்பியொன்றில் தமிழில் எழுதிக்கொண்டாள். கொப்பியின் முதற்பக்கத்தில் இரட்டைக் கோடு போட்ட வரி இதுதான்: முதல் ஐம்பது மணித்தியாலம் முடிந்ததும் எஞ்சின் ஒயில், கியர் ஒயில், பில்டர் மூன்றையும் மாற்ற வேண்டும்.

"புது ஒயிலத்தானே ஊத்தித் தந்தவங்கள். அத என்னத்துக்கு மாத்திற?" என்று சங்கத் தலைவி இலட்சுமிப்பிள்ளை கேட்டாள்.

"மச்சாள், புது அம்மியில அரைச்ச முதல் மிளகாய்க் கூட்டக் கறிக்குப் போடுவீங்களா? கல்லுத்தூள் வருமெண்டு கழுவி ஊத்துவம்தானே. இதுக்குள்ளயும் இரும்போட இரும்பு தேயுது. அந்தத் தூள் ஒயிலுக்க கிடக்கு. விட்டா உள்ளுக்க முழுக்க அரம் போட்டாப்போல அராவிப்போடும்."

சான்று சங்கக் கட்டடத்துக்குப் பின்னாலேயே நின்றது. ஆறு வருடத்துக்கு முந்திய பெரிய உழவு இயந்திரம். அதை ஓட்டியவர் கந்தப்போடி. அப்போதும் வாவியைத் தாண்டி எஞ்சின் ஒயில் வர இராணுவம் விடவில்லை. அவர் பழைய ஒயிலையே வடித்தெடுத்து, வேட்டித் துண்டில் வடிகட்டித் திரும்ப ஊற்றினார். வந்த ஐந்தாம் மாதம் அது வயல் வட்டையின் நடுவே, அறுபது ஏக்கரும் விதைப்புக்குக் காத்திருக்கையில், கிறீச்சிட்டு இறுகி நின்றது. அந்தப் போகம் அவ்வளவு நிலமும் தரிசு. ஊர் கண்ணூறு என்றது. கந்தப்போடி இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். அதன் இருக்கையில் இப்போது கோழிகள் முட்டையிடுகின்றன. கண்ணகை அதன் அடி நட்டைக் கழற்றி உள்ளே விரலை விட்டு, வந்த சேற்றை ஊருக்குக் காட்டினாள். "கண்ணூறு இல்ல. இது இரும்புத்தூள்."

ஆனால் ஒயில் எங்கே? வாவிக்கு அப்பால் கொண்டுபோகக் கூடாதவை என்று கிழக்குக் கரைத் துறையில் ஒரு பட்டியல் தொங்கியது: சீமெந்து, யூரியா, பற்றரி, இரும்புக் கம்பி, எஞ்சின் ஒயில். டீசல் மட்டும் கடிதத்துக்கு அளந்து விடப்பட்டது. நெல்லை விளைவியுங்கள் என்று வானொலியில் சொன்ன அரசுதான் அந்தப் பட்டியலையும் எழுதியது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்க அங்கே ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. மேற்குக் கரையை ஆண்ட இயக்கத்துக்கும் கேள்வி கேட்கப்பட்டுப் பழக்கமில்லை. இயக்கப் பெடியள் இரண்டு பேர் ஒருநாள் வந்து, பாரம் இழுக்க மெசின் வேண்டும் என்றார்கள். கண்ணகை கொப்பியை விரித்து நீட்டினாள். "முதல் ஐம்பது மணித்தியாலத்துக்குப் பின்னால பெட்டி கொழுவிப் பாரம் இழுக்கப்படாது. வாசிச்சுப் பாருங்க தம்பி. பழுதாப்போனா நீங்க திருத்தித் தாறீங்களா?" தம்பிமார் வாசித்தார்கள். ஒருவர் சிரித்தார். பக்கத்து வளவில் மாட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இயந்திரத்தில் ஓடிய நேரத்தைக் காட்டும் மானி இருந்தது. மாலைதோறும் அதைப் பார்த்துக் கொட்டில் பலகையில் கரியால் எழுதுவாள். முப்பத்தொன்றில் கிழக்குக் கரை இராணுவ முகாமுக்கு முதல் விண்ணப்பம் போனது: நாலு லீட்டர் எஞ்சின் ஒயிலும் கியர் ஒயிலும் கொண்டுவர அனுமதி வேண்டும். பதில் இல்லை. முப்பத்தெட்டில் இரண்டாவது. பதில் இல்லை. நாற்பத்து மூன்றில் மூன்றாவதைக் கிராம சேவகர் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். முத்திரை குத்திய தாள் வந்தது. ஒயிலை மேற்குக் கரைக்கு எடுத்துச் செல்ல முடியாது; இயந்திரத்தைத் திருத்த வேண்டுமானால் அதைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுவரலாம்.

எல்லோருக்கும் அது மறுப்பாகத்தான் தெரிந்தது. கண்ணகை அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு இயந்திரத்தைக் கொண்டுபோக ஒரு விண்ணப்பம் எழுதினாள்.

அனுமதி வருவதற்குள் மானி நாற்பத்தொன்பதரைக்கு வந்துவிட்டது. அவள் இயந்திரத்தை இயக்கும் திறப்பைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். பதினேழு ஏக்கர் உழுதாயிற்று. நாற்பது கிடந்தது. ஐப்பசி மேகம் வாவிக்கு மேலே நாளுக்கு நாள் தாழ்ந்தது. பெண்கள் கொட்டிலுக்கு முன்னால் கூடினார்கள்.

"மழை விழுந்தா வட்டை சேறாப்போகும். மறுகா என்னத்தக் கொண்டு விதைக்கிற? திறப்பத் தா புள்ள" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

"தரமாட்டன்."

"அரை மணித்தியாலம் கூட ஓடினா வெடிச்சா போகும்?"

"அரையெண்டு தொடங்கினா நாற்பது ஏக்கரும் முடிஞ்சிதான் நிப்பீங்க. உங்களத் தெரியாதா எனக்கு?"

"உன்ட அப்பன் வீட்டுச் சீதனமா இது?"

"சீதனமெண்டா வித்துத் திண்டிருப்பன் மச்சாள். சங்கத்துட சாமானெண்டபடியாத்தான் திறப்ப முடிஞ்சு வைச்சிரிக்கன். இந்தப் போகத்துக்கு மட்டுமா உழப்போறம்?"

அன்று யாரும் அவளோடு பேசவில்லை. சாமித்தம்பி மட்டும் கொட்டில் வாசலில் பாயைப் போட்டுப் படுத்தார், இயந்திரத்திலிருந்து சரியாகப் பத்தடி தள்ளி.

நான்காம் நாள் அனுமதிக் கடிதம் வந்தது. இரண்டு தோணிகளைப் பிணைத்துப் பலகை அடித்த மிதவையைத்தான் மட்டக்களப்பில் 'பாதை' என்கிறார்கள். அதில் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு அவள் தனியாகவே வாவியைக் கடந்தாள். கிழக்குத் துறையில் சோதனை. ஆயுதப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். இருக்கையைக் கழற்றினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் ஒயில் கோலையும் உருவிப் பார்த்தான். அவனுடைய விரல்கள் கறுப்பாயின. முகத்தைச் சுளித்துக்கொண்டு காற்சட்டையில் துடைத்தான். "சரி, அக்கே. போ."

காத்தான்குடியில் மஜீட் நானாவின் கராச். கண்ணகை கொப்பியை விரித்து வைத்து, ஒவ்வொன்றாக வாசித்து, முடிய முடியக் கோடு போட்டாள். எஞ்சின் ஒயில் வடிந்தது. கியர் ஒயில் வடிந்தது. பில்டர் மாறியது. சில்லு நட்டுகள், விசிறிப் பட்டி, ரேடியேற்றர்த் தண்ணீர் என்று பட்டியல் நீண்டது.

"என்ன புள்ள, சோதினைக்கி வந்தாப்போல நிக்கிறீங்க? முப்பது வருசமா மெசின் கழட்டுறன். என்னை நம்ப மாட்டீங்களா?"

"உங்கள நம்புறன் நானா. கொப்பிய இன்னும் கொஞ்சம் கூட நம்புறன்."

மஜீட் சிரித்துவிட்டார். வடிந்த ஒயிலில் கொஞ்சத்தை வெள்ளைத் தாளில் விட்டு வெயிலில் சரித்தார். கறுப்பு வழிந்தோட, மினுமினுவென்று பொடி நின்றது. கண்ணகை அந்தத் தாளை மடித்துக் கொப்பிக்குள் வைத்தாள். இலட்சுமிப்பிள்ளைக்குக் காட்டுவதற்கு. புறப்படும்போது மஜீட் குரலைத் தாழ்த்தி, "சீட்டுக்குக் கீழ ரெண்டு லீட்டர் ஒளிச்சு வைக்கட்டா? அடுத்த தரத்துக்கு உதவும்" என்றார்.

"வேணாம் நானா. ஒளிச்சாக் கள்ளம். உள்ளுக்க இரிக்கிறது அதுட வயித்துல இரிக்கிற சோறு. அத ஆர் என்ன சொல்லேலும்?"

சொல்ல ஆள் இருந்தது. பிற்பகல் நான்கரை. கடைசிப் பாதை ஐந்துக்கு. இயந்திரம் துறையின் ஒடுங்கிய சரிவில் இறங்கி, பாதைக்கு நாலு முழம் முன்னால் நின்றது. காலையில் பார்த்த அதே சிப்பாய்தான். கோலை உருவினான். நுனியில் தேன் நிறத்தில் ஒரு துளி. தன் விரல்களைப் பார்த்தான், காற்சட்டையிலிருந்த கறுப்பைப் பார்த்தான், அதிகாரியைக் கூப்பிட்டான்.

அதிகாரி வந்து கோலைப் பார்த்தார். பட்டியலைக் காட்டினார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிப்பாய் தமிழாக்கினான்: "அக்கே, ஒயில் கொண்டு போக ஏலா. ஊத்து. இங்க ஊத்து."

கண்ணகை முத்திரைத் தாளை எடுத்து நீட்டினாள். அதில் இயந்திரத்துக்கு அனுமதி இருந்தது. அதன் வயிற்றிலுள்ளதைப் பற்றி ஒன்றுமில்லை. அதிகாரி தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஊத்து."

அவள் வாதாடவில்லை. எஞ்சினை நிறுத்தினாள். ஆயுதப் பெட்டியிலிருந்து ஸ்பனரை எடுத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, சரிவின் ஈர மண்ணில் மல்லாந்து இயந்திரத்துக்குக் கீழே நுழைந்தாள். அங்கிருந்து ஒரு கையை வெளியே நீட்டினாள்.

"ஒரு வாளி தரச் சொல்லுங்க தம்பி. வாவிக்க ஊத்தேலாது, மீன் சாகும். மறுகா சேர்ட்ட ஒண்டு கேளுங்க. ஒயில் இல்லாட்டி மெசின் ஒரு முழமும் அசையாது. ஊத்தின பிறகு இது இந்த இடத்திலதான் நிக்கும். நான் பாதையில போயிருவன். இதப் பாத்துக்கொள்ளுறது ஆர்?"

சிப்பாய் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரமெடுத்தது. அதற்குள் ஸ்பனர் நட்டில் பொருந்தி, கால்வாசி திரும்பும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பின்னால் ஆசிரியர்களின் சைக்கிள்கள், கூட்டுறவுக் கடையின் கோதுமை மா மூட்டை வண்டி, கச்சேரியிலிருந்து வந்த அரசாங்க ஜீப் ஒன்று. முன்னால் பாதைக்காரர்கள் கழியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்கள். துறைக்கு அந்த ஒரு சரிவுதான். ஜீப்காரர் ஹோர்ன் அடித்தார். மா மூட்டை வண்டிக்காரர், "சேர், இது இஞ்ச குடியிருந்தா நாங்க நாளைக்கி நீந்தித்தான் போகவேணும்" என்றார். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

வாளியைத் தூக்கிவந்த இன்னொரு சிப்பாய் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். அதிகாரி சரிவைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். இயந்திரத்துக்குக் கீழிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு வெறுங்கால்களைப் பார்த்தார். ஒரேயொரு சொல் சொல்லிவிட்டு, காவலரணுக்குத் திரும்பி நடந்தார்.

"போ! போ அக்கே, கெதியா போ!" என்றான் சிப்பாய். அவன்தான் எல்லோரிலும் அவசரப்பட்டான்.

கண்ணகை முதலில் நட்டை இறுக்கினாள். இறுகியதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். முதுகெல்லாம் மண்ணோடு வெளியே வந்து, சிப்பாயின் கையிலிருந்து கோலை வாங்கி, சேட் நுனியில் துடைத்து, உரிய துளையில் செருகினாள். ஏறி உட்கார்ந்து திறப்பைத் திருப்பினாள். இயந்திரம் இயங்கியது. பாதைக்காரர்கள் கழியை எடுத்தார்கள். ஜீப்காரர் மறுபடி ஹோர்ன் அடித்தார். சிப்பாய் இரண்டு கைகளாலும் வாவியைக் காட்டினான்.

கண்ணகை இருக்கையை விட்டு இறங்கி, முன் சில்லுக்குப் பக்கத்தில் நின்று, இடது கையைக் கண்ணுக்கு நேரே உயர்த்தினாள்.