சிகிச்சைக்கு முன்

சிரிப்பு வருவதற்கு முன்பே ஆறுமுகத்தாயின் கை வாய்க்குப் போய்விடும். முந்தானை கிடைத்தால் முந்தானை, இல்லாவிட்டால் உள்ளங்கை. தோள் குலுங்கும், கண்ணில் நீர் முட்டும், பல் மட்டும் வெளியே வராது. மேல்வரிசை கொஞ்சம் தூக்கல். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "சிரிக்காத வரைக்கும் பிள்ள லெச்சணமாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தாளாம். அன்றைக்கு ஏறிய கை. இப்போது அவளுக்கு வயது நாற்பத்தி நாலு.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை. ஒரு கை குச்சியை அள்ளும், மறு கை பெட்டியைப் பிடிக்கும், இரண்டுக்கும் ஓய்வில்லை. அதனால் வேலை நேரத்தில் அவள் சிரிப்பதே கிடையாது. உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள். பக்கத்தில் உட்காரும் வெள்ளைத்தாய்க்கு இது போதாதா? கணக்குப்பிள்ளை தும்முவதுபோல் தும்மிக் காட்டி, எப்படியாவது அவளைச் சிரிக்கவைத்துவிட வேண்டும் என்று பாடாய்ப்படுவாள்.

பத்து வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் ஜெயித்தாள். போன ஆடியில், ஒருவர் கேமராவோடு ஆபீஸைப் படம் எடுக்க வந்த அன்று. இரண்டு கையிலும் குச்சியும் பெட்டியுமாக இருந்த ஆறுமுகத்தாய் தன்னை மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "சூப்பர்மா" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் போய்விட்டார். அந்த வாரம் இடது கம்மலின் திருகு தொலைந்திருந்தது. துளை தூர்ந்துவிடாமலிருக்க மருந்து முக்காத தீக்குச்சியைக் காதில் சொருகியிருந்தாள்.

கடந்த சனிக்கிழமை குச்சி லோடு வரவில்லை என்று மத்தியானமே ஆபீஸைச் சாத்திவிட்டார்கள். ஆறுமுகத்தாய், வெள்ளைத்தாய், கூட வேலை பார்க்கும் பாண்டிச்செல்வி மூவரும் ஊருக்குப் போகிற டவுன் பஸ்ஸுக்காகக் காத்து நின்றார்கள். வந்தது திருநெல்வேலி பஸ்.

"ஏட்டி, ஏறுங்கட்டி. அல்வா தின்னுட்டு பொழுது சாயுததுக்குள்ள திரும்பிருவோம்." வெள்ளைத்தாய் படியில் கால் வைத்தாயிற்று.

"வீட்டுல சொல்லலையே மதினி" என்று தயங்கினாள் ஆறுமுகத்தாய்.

"போன் எதுக்கு வச்சிருக்க? போய்க்கிட்டே சொல்லு."

ராத்திரிக்கு வைக்கவேண்டிய குழம்பைப் பற்றிய கவலை ஆறுமுகத்தாய்க்குக் கயத்தாறு வரைக்கும்தான் இருந்தது. அப்புறம் ஜன்னலோரக் காற்றில் அதுவும் போயிற்று. பொத்திய கைக்குள் சிரித்துச் சிரித்து உள்ளங்கையே ஈரமாகிவிட்டது.

வண்ணார்பேட்டையில் இறங்கியதும் பாண்டிச்செல்விதான் முதலில் பார்த்தாள். அவள் விரல் மேலே நீண்டது. மாடிக் கட்டடம் ஒன்றின் முகப்பு முழுக்க ஒரு பல் ஆஸ்பத்திரியின் ஃபிளக்ஸ். 'சிகிச்சைக்கு முன்' என்ற எழுத்துக்கு மேலே ஆறுமுகத்தாய் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பல்லும் சாண் நீளம். இடது காதில் தீக்குச்சி.

யார் யார் கைக்குப் போய் அந்தப் படம் இங்கே வந்து ஏறியதோ! கட்டின புருஷனுக்கே முழுசாகக் காட்டாத சிரிப்பு, ஊர் பார்க்க நடுரோட்டில் தொங்குகிறது. எத்தனை நாளாகத் தொங்குகிறதோ, எத்தனை பேர் பார்த்துவிட்டுப் போனார்களோ என்று நினைக்க நினைக்க ஆறுமுகத்தாயை அவமானம் பிடுங்கித் தின்றது.

பக்கத்தில் 'சிகிச்சைக்குப் பின்'. அதில் யாரோ ஒரு சிவத்த பெண், வரிசைப் பல்லோடு.

"இவ யாருட்டி?" என்றாள் வெள்ளைத்தாய். "பல்ல மாத்துவாவ, சரி. ஆளையேவா மாத்துவாவ?"

வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சொன்னவளே தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தாம்ட்டி ஒன்னயச் சிரிக்க வச்சேன். எம் புத்தியச் செருப்பால அடிக்கணும். வா, போயிருவோம்."

"நாம போயிட்டா இது இங்கனயே தொங்கும்லா" என்றாள் ஆறுமுகத்தாய். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியேறினாள். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

உள்ளே ஏ.சி. குளிர். நாற்காலிகளில் ஆறேழு பேர். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அவள் பொத்திய வாயைப் பார்த்து, "பல்வலியாம்மா? எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"வலி இல்ல தாயி. வெளிய தொங்குத படத்தக் கழத்தணும். மொதப் படம். அது நான்."

அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்: "நீங்க இல்லம்மா. அவங்க நம்ம ஆஸ்பத்திரில வைத்தியம் பாத்துக்கிட்டவங்க. இப்ப அவங்களுக்குப் பல்லெல்லாம் வரிசையாயிட்டு."

வெள்ளைத்தாய் சண்டைக்கு வாயெடுத்தாள். ஆறுமுகத்தாய் கண்ணாலேயே அவளை அடக்கினாள். பிறகு முந்தானையை விட்டாள். கை கீழே இறங்கியது. மேசை மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே குனிந்து, மேல்வரிசை முழுக்கத் தெரிய உதட்டைத் திறந்தாள்.

அந்தப் பெண்ணின் கை மெல்ல எழுந்து தன் வாயைப் பொத்திக்கொண்டது.